எல்லையோரத்தில் வதந்தி கலவரமாகாமல் தடுப்பது எப்படி: கம்பம்–குமுளி வட்டாரத்துக்கான கைபேசி வழிகாட்டி

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது, கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கித் திரண்டு சென்றதையும், எல்லைச் சாலைகள் அடைக்கப்பட்டு 144 தடையுத்தரவு போடப்பட்டதையும், உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சத்தில் மலையிறங்கி வந்ததையும் தேனி மாவட்டத்தில் நடுவயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே நாட்களில் தமிழகத்தில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. அப்போது இந்த வட்டாரத்தில் வாட்ஸ்அப் பரவலாகியிருக்கவில்லை. தொலைக்காட்சியும் குறுஞ்செய்தியும் வாய்வழிப் பேச்சும் சேர்ந்தே அவ்வளவையும் செய்து முடித்தன. இன்று அதே சச்சரவு எழுந்தால், லோயர் கேம்பிலிருந்து ஒரு பேருந்து குமுளிக்கு ஏறி முடிப்பதற்குள் அது நூறு குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வணிகர் சங்கத்தினர், தோட்டத் தொழிற்சங்கத்தினர், ஜீப் ஓட்டுநர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகள் என எல்லையின் இருபுறமும் ஊர்ப்பொறுப்பில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. செயலி வாங்குவதும் குழு தொடங்குவதும் இதில் எளிய பகுதி. குமுளியில் ஏதோ நடந்துவிட்டதாகக் கம்பத்தில் செய்தி கிளம்பும் இரவில், குமுளியில் இருக்கும் ஒருவரை அழைத்து 'அங்கே என்ன நடக்கிறது?' என்று கேட்கவும், அவர் சொல்வதை நம்பவும் கம்பத்தில் ஆள் இருக்க வேண்டும். அதுதான் கடினமான பகுதி, அதை அமைதியான மாதங்களில்தான் உருவாக்க முடியும். சண்டை தொடங்கிய பிறகு சேர்க்கப்படும் எண்களால் பயன் குறைவு, ஏனென்றால் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்துக் குரல் எதுவானாலும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படும்.

எந்தக் காலத்தில், எதைப் பற்றி

முதலில் ஒரு நாட்காட்டி தயாரிக்க வேண்டும். நம் வட்டாரத்தில் பதற்றம் எல்லா மாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் அணையின் நீர்மட்டம் உயரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலமும், சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குமுளி வழியே நிரம்பி வழியும் மண்டல காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. உள்ளூர் நிலவரமோ பாதைகளோ தெரியாத வெளிமாவட்ட, வெளிமாநில மக்கள் மிகுதியாகச் சாலையில் இருக்கும் அதே வாரங்களில்தான் அணைச் செய்தியும் சூடாக இருக்கிறது. 2011இல் நடந்ததும் இந்தக் காலத்தில்தான். இதற்கு அடுத்ததாக, இருமாநில எல்லையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலின் சித்ரா பௌர்ணமி விழா, தேர்தல் காலங்கள், தென்மேற்குப் பருவமழையில் இடுக்கியில் வெள்ளமும் நிலச்சரிவும் ஏற்படும் நாட்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு, எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் எப்படிக் கேட்கப்படும் என்பதை எழுதி வைக்க வேண்டும். நீர்மட்டம் 140 அடியை நெருங்குகிறது என்பது கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக விவசாயிக்கு மகிழ்ச்சிச் செய்தி. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் ஆற்றோரம் குடியிருப்பவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் செய்தி. எண் ஒன்றேதான். ஆகவே ஒரே தகவலை இருபுறமும் ஒரே வாசகத்தில் அனுப்புவது போதாது என்பதை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அணையைப் பற்றிய அடிப்படைத் தகவல்களை இரு மொழியிலும் ஒரே பக்கத்தில் எழுதி, எல்லா உறுப்பினர்களின் கைபேசியிலும் முன்கூட்டியே வைத்திருப்பது நல்லது. அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். இயக்குவது தமிழக நீர்வளத் துறை. 2014 மே 7ஆம் தேதித் தீர்ப்பின்படி உச்சநீதிமன்றம் அனுமதித்திருக்கும் நீர்மட்டம் 142 அடி. ஆனால் எல்லா நாட்களிலும் 142 அடி வரை தேக்கிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. எந்தத் தேதியில் எத்தனை அடிவரை தேக்கலாம் என்று 'ரூல் கர்வ்' எனப்படும் அட்டவணை ஒன்று இருக்கிறது. இந்த ஒரு விவரம் தெரியாததால் எவ்வளவு கொந்தளிப்பு வரும் என்பதை 2021 அக்டோபர் இறுதியில் பார்த்தோம். நீர்மட்டம் 142 அடியை எட்டும் முன்பே கேரள அமைச்சர்கள் உடனிருக்க மதகுகள் திறக்கப்பட்டதால், 'கேரளம் திறந்துவிட்டது' என்ற குற்றச்சாட்டு தமிழகத்தில் பரவியது. அட்டவணைப்படி தமிழக அதிகாரிகளே திறந்தார்கள் என்று நீர்வளத் துறை அமைச்சர் துரைமுருகன் விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கம் வருவதற்குள் ஊருக்குள் ஓடிய பேச்சுகளை நினைத்துப் பார்த்தால், அட்டவணையின் ஒரு படியைக் கைபேசியில் வைத்திருப்பதன் அருமை புரியும்.

ஆட்களைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலைக்கு முந்நூறு பேர் வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு பத்துப் பதினைந்து பேர் போதும். செல்வாக்கு உள்ளவர்களையே தேடிப் போவது பொதுவான வழக்கம். அவர்கள் தேவைதான், ஆனால் முதல் தகவல் அவர்களிடம் வருவதில்லை. விடியற்காலையில் கம்பம், தேவாரம், போடி வட்டார ஊர்களிலிருந்து பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியே தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்பும் ஜீப் ஓட்டுநர்கள், சோதனைச் சாவடிக்கு அருகில் தேநீர்க் கடை வைத்திருப்பவர்கள், ஏலக்காய் வியாபாரத்துக்காக இருபுறமும் போய்வருபவர்கள், தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் தொழிற்சங்கப் பெண்கள் ஆகியோர் சாலையின் நிலவரத்தை எந்தச் செய்தி நிறுவனத்தையும்விட முன்னதாக அறிவார்கள்.

பெண்களைக் குறைந்தது பாதியளவில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறியலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் 'தோட்டத்தில் நம் பெண்களை அடைத்து வைத்திருக்கிறார்கள்' என்ற வகைச் செய்தியே அவர்களைக் கிளப்புகிறது. அதற்கு நம்பத்தகுந்த மறுமொழி, தோட்டத்தில் இருக்கும் பெண்ணின் சொந்தக் குரல்தான். வேறு எவர் எத்தனை முறை மறுத்தாலும் அது எடுபடாது.

ஒவ்வொருவருக்கும் எதிர்ப்பக்கத்தில் ஓர் இணை இருக்க வேண்டும். கம்பத்துக் கடைக்காரருக்குக் குமுளிக் கடைக்காரர், கூடலூர் ஓட்டுநருக்கு வண்டன்மேட்டு ஓட்டுநர், இந்தப் பக்கத்து ஊராட்சி உறுப்பினருக்கு அந்தப் பக்கத்து பஞ்சாயத்து மெம்பர். ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கு எல்லை மூடப்பட்டால் ஏற்படும் இழப்பும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் பேசிக்கொள்வது எளிது. இணைகள் மாதம் ஒருமுறையாவது, எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும், தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும். சேட்டா, அண்ணாச்சி, சேச்சி, அக்கா என்று பழகிய குரல்களுக்கிடையே சந்தேகம் அவ்வளவு சுலபமாக நுழையாது.

மலையாளமும் தமிழும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருபுறமும் இருவர் இருப்பது கட்டாயம். பேசத் தெரிந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. தொலைக்காட்சித் திரையில் ஓடும் மலையாள வரிகளைப் படித்துச் சொல்லவும், அரசு அறிவிப்பை ஒரு சொல்கூடத் திரியாமல் மாற்றித் தரவும் எழுத்தறிவு வேண்டும். ஒலியில் ஒத்த சொற்கள் இரு மொழியிலும் வேறு பொருள் தருவதால், பேச்சுமொழி மட்டும் தெரிந்தவர் நல்லெண்ணத்தோடு செய்யும் மொழிபெயர்ப்பே புதிய வதந்தியாகிவிடும்.

குழுவை அமைத்தல்

வாட்ஸ்அப் போதுமானது, புதிய செயலி எதையும் பழக்க முயல வேண்டாம். இரண்டு குழுக்கள் தேவை. முதலாவது, மேற்சொன்ன உறுப்பினர்கள் மட்டும் உள்ள சிறிய தகவல் குழு. இரண்டாவது, சரிபார்க்கப்பட்ட செய்தியை ஊர்மக்களுக்கு அனுப்பும் அறிவிப்புக் குழு. இதில் அட்மின்கள் மட்டுமே பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிட வேண்டும். எல்லோரும் எழுதக்கூடிய ஒரே பெரிய குழுவாக வைத்தால், வதந்தியைத் தடுக்கத் தொடங்கிய குழுவே அதற்குச் சாலை போட்டுத் தரும்.

தகவல் குழுவில் எழுதும் முறை முதல் நாளிலேயே முடிவாகியிருக்க வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, நேரில் பார்த்ததா அல்லது கேள்விப்பட்டதா, இப்போதும் நடந்துகொண்டிருக்கிறதா, யாருக்கேனும் காயம் உண்டா என்ற ஐந்து விவரங்களுக்கு மேல் எதுவும் தேவையில்லை. அடித்தவர், அடிபட்டவர் எந்த மொழிக்காரர், எந்த மதம், எந்தச் சாதி என்று குழுவில் எழுதக் கூடாது. அந்த விவரம் காவல்துறைக்குத் தேவைப்பட்டால் தொலைபேசியில் சொல்லலாம். தட்டச்சு செய்ய வராதவர்கள் குரல்பதிவு அனுப்பலாம், ஆனால் அதைக் கேட்டவர் ஒருவர் உடனே எழுத்தில் சுருக்கிப் போட வேண்டும். ஒலிவடிவில் மட்டும் உள்ள தகவலை அவசரத்தில் யாரும் முழுதாகக் கேட்பதில்லை.

அட்மின் பொறுப்பை ஏற்கப் பலர் அஞ்சுகிறார்கள். மற்றொருவர் போட்ட பதிவுக்காக அட்மின் என்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் கூறியுள்ளன. எல்லையின் இருபுறத்து நீதிமன்றங்களும் இதில் ஒரே நிலைப்பாட்டில் இருப்பது நமக்கு வசதி. ஆனால் தானே பதிவிடுபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மொழி, மதம், பிறந்த இடம் முதலியவற்றின் பெயரால் பகைமூட்டுவது இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவிலும், பொது அமைதியைக் குலைக்கும் பொய்த்தகவலையும் வதந்தியையும் பரப்புவது 353ஆவது பிரிவிலும் வருகின்றன. இதைக் குழு விதிகளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

சரிபார்த்தல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். ஒரு காணொளி வந்தவுடன் அது உண்மையா பொய்யா என்று கேட்பதைவிட, இது எப்போது எடுக்கப்பட்டது, எங்கே எடுக்கப்பட்டது, முழுமையானதா என்று தனித்தனியாகக் கேட்பது பலன் தரும். கலவரத்தைத் தூண்டிய காணொளிகளில் பல, முழுப் பொய்யாகப் புனையப்பட்டவை அல்ல. வேறு எங்கோ, வேறு எப்போதோ நடந்த உண்மைகள். 2013இல் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த கலவரத்துக்கு முன், இரு இளைஞர்கள் அடித்துக் கொல்லப்படும் காணொளி ஒன்று உள்ளூர் நிகழ்வாகப் பரப்பப்பட்டது. அது 2010இல் பாகிஸ்தானின் சியால்கோட்டில் எடுக்கப்பட்டது. 2018இல் நாடெங்கும் பரவிய குழந்தைக் கடத்தல் காணொளி, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட குறும்படம். கடைசியில் குழந்தை திருப்பி விடப்பட்டு, வாசகப் பலகை காட்டப்படும் பகுதியை மட்டும் வெட்டி நீக்கியிருந்தார்கள். அந்தப் பீதியின் விளைவாக அந்த ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்து வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரும், ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காட்டில் ஓர் ஆணும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். இருவரும் அந்த ஊர்களுக்கு அந்நியர்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை. தொலைவிலிருந்து பக்தர்கள் வந்து குவியும் நம் சாலைகளில் இதை ஒவ்வொரு கார்த்திகைக்கும் நினைவூட்ட வேண்டும்.

செய்யும் முறை இது. பதிவின் மேல் இரட்டை அம்புக்குறியோடு பலமுறை முன்னனுப்பப்பட்டது என்ற அடையாளம் இருந்தால், அது குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்திருக்கிறது என்று பொருள். அனுப்பியவர் நேரில் பார்த்தவர் அல்லர். காணொளியை நிறுத்தி, முகங்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்க வேண்டும்: கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலத்தது, காவலர் சீருடை எந்த மாநிலத்தது, சாலை நனைந்திருக்கிறதா, அந்த நேரத்தில் அங்கே மழை பெய்ததா. தெளிவான ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், பழைய படம் என்றால் பெரும்பாலும் அதன் முந்தைய இடம் கிடைத்துவிடும். ஒலியை அணைத்து ஒருமுறையும், படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறையும் கேட்பது நல்ல பழக்கம். குரல் பின்னால் சேர்க்கப்பட்டிருந்தால் அப்போது தெரியும்.

இத்தனையும் செய்வதற்கு முன்பே, அந்த இடத்தில் இருக்கும் இணையை அழைத்துவிட வேண்டும். 'குமுளி பேருந்து நிலையத்தில் தமிழ்நாட்டு வண்டிகளை உடைக்கிறார்கள்' என்று செய்தி வந்தால், பேருந்து நிலையத்துக்கு நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய ஒருவர் ஐந்து நிமிடத்தில் தரும் பதிலுக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. கென்யாவின் தானா கழிமுகத்தில் இந்த முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே 2012–13இல் நிலத்துக்கும் நீருக்கும் மோதிக்கொண்ட ஓர்மா மேய்ப்பர்களும் பொகோமோ விவசாயிகளும் ஒருவரையொருவர் பற்றிப் பரப்பிய வதந்திகள் பல உயிர்களைப் பலிகொண்டன. பின்னர் சென்டினல் பிராஜெக்ட் என்ற அமைப்பு, கேள்விப்பட்டதை எவரும் குறுஞ்செய்தியில் அனுப்பக்கூடிய எண் ஒன்றை ஏற்படுத்தி, ஊர்தோறும் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு சரிபார்த்து, அந்த வட்டாரத்தாருக்கே விடையைத் திருப்பி அனுப்பியது. சாதாரணக் கைபேசியே போதுமானதாக இருந்தது. கருவியைவிட, இரு இனத்திலும் நம்பப்பட்ட தன்னார்வலர்கள் இருந்ததே அங்கே பெரிய செய்தி.

அணை தொடர்பான செய்திகளுக்கு மட்டும் வேறு வழி உண்டு. நீர்மட்டம் தினமும் இருமாநில அரசுத் தரப்பிலும் வெளியிடப்படுகிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது அணை உடைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிப் பீதி கிளப்பியது. இத்தகைய நேரத்தில் அன்றைய காலை நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்று எண்களை மூல அறிவிப்பின் படத்தோடு போடுவதே சரியான மறுமொழி. பருவமழைக் காலத்தில் இந்த எண்களை அமைதியான நாட்களிலும் காலைதோறும் அறிவிப்புக் குழுவில் போட்டுவந்தால், அவசர நாளில் மக்கள் தாமாகவே அங்கே தேடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் குரலைப் போலவே பேசவைக்க இப்போது முடிகிறது. மாவட்ட ஆட்சியரின் குரலிலோ சங்கத் தலைவரின் குரலிலோ பதிவு வந்தால், அவரது அலுவலகத்துக்கோ அவருக்கோ திரும்ப அழைத்து உறுதிப்படுத்தாமல் அனுப்பக் கூடாது. குழு உறுப்பினரின் குரலுக்கும் இதே விதி.

எதற்குப் பதில் தருவது, எதை விட்டுவிடுவது

வரும் ஒவ்வொரு பொய்க்கும் மறுப்பு வெளியிடுவது தவறு. நாற்பது பேர் பார்த்த பதிவை மறுக்கப்போய் நாலாயிரம் பேருக்கு அறிமுகப்படுத்திவிடக் கூடாது. பேச்சு எப்போது வன்முறைக்கு இட்டுச் செல்லும் என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சூசன் பெனஷ் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்: பேசுபவர் யார், கேட்பவர்கள் எந்த மனநிலையில் இருக்கிறார்கள், சொல்லப்பட்டது என்ன, சூழலும் பழைய பகையும் எப்படி, எந்த ஊடகத்தில் வருகிறது. 2013 கென்யத் தேர்தலையொட்டி இணையப் பேச்சுகளைக் கண்காணித்த 'உமாத்தி' திட்டம் இந்த அளவுகோலைப் பயன்படுத்தியது. நம் ஊருக்கு இதைப் பொருத்தினால், முகநூலில் யாரோ முகம் தெரியாதவர் அண்டை மாநிலத்தாரைத் திட்டுவதை விட்டுவிடலாம். ஊரில் கூட்டம் கூட்டக்கூடிய ஒருவர் நாளைக் காலை இத்தனை மணிக்கு இந்த இடத்துக்கு வாருங்கள் என்று குரல்பதிவு போட்டால், பேச்சு மென்மையாகவே இருந்தாலும் அதைக் கவனிக்க வேண்டும். இடமும் நேரமும் குறிப்பிடப்பட்ட பதிவே முதல் அபாய அடையாளம்.

உண்மையான காணொளி வந்தால் என்ன செய்வது என்பது பலருக்கும் குழப்பம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது, பெங்களூரில் தமிழ் மாணவர் ஒருவர் தாக்கப்பட்ட காணொளி தமிழகத்தில் பரவியது. பின்னர் இராமேசுவரத்தில் கர்நாடகத்திலிருந்து வந்தவர் தாக்கப்பட்ட காணொளி கர்நாடகத்தில் பரவியது. அதைத் தொடர்ந்து பெங்களூரில் தமிழக நிறுவனத்தின் பேருந்துகள் பல எரிக்கப்பட்டன. அவை பொய்க் காணொளிகள் அல்ல. உண்மையை மறுத்தால் அன்றோடு குழுவின் மதிப்புப் போய்விடும். நடந்தது உண்மை, காயம்பட்டவர் இன்ன நிலையில் இருக்கிறார், வழக்குப் பதிவாகியிருக்கிறது, தாக்கியவர்கள் பிடிபட்டார்கள் அல்லது தேடப்படுகிறார்கள் என்ற விவரங்களைச் சேர்த்துச் சொல்வதும், தாக்கப்பட்டவருக்கு அந்தப் பக்கத்து மக்களே உதவியிருந்தால் அதைச் சேர்த்துச் சொல்வதும்தான் வழி. பழிவாங்கும் எண்ணம், நியாயம் கிடைக்காது என்ற நினைப்பிலிருந்து வருகிறது.

மறுமொழியை எழுதுதல்

வதந்தி எந்த மொழியில், எந்த வடிவத்தில் வந்ததோ அதே மொழியில், அதே வடிவத்தில் மறுமொழி போக வேண்டும். குரல்பதிவாக வந்த பீதிக்கு ஆங்கிலத்தில் எழுதிய செய்திக்குறிப்பு மருந்தாகாது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் வட மாநிலங்களில் பரவியபோது, தமிழகக் காவல்துறை மறுப்பை காணொளியாகவே வெளியிட்டதும், தொழிலாளர்களிடம் இந்தியில் பேசுவதற்கு ஏற்பாடு செய்ததும் சரியான அணுகுமுறை. அன்று வட மாநிலத்தாரிடம் நாம் எதிர்பார்த்த நிதானத்தை, அண்டை மாநிலத்தைப் பற்றிய செய்திகளில் நாமும் காட்ட வேண்டியிருக்கிறது என்பது இடைக்குறிப்பு.

முதல் வரியில் உண்மை இருக்க வேண்டும், வதந்தியை மீண்டும் சொல்லக் கூடாது. மாதிரிக்கு ஒன்று: 'குமுளி–லோயர் கேம்ப் சாலை இப்போது இரவு 9.10 மணிக்குத் திறந்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் மாலையில் இரு வண்டிகள் உரசிக்கொண்டதில் வாக்குவாதம் நடந்தது. காவல்துறை வந்து இருதரப்பையும் அனுப்பிவிட்டது. காயம் யாருக்கும் இல்லை. நம் உறுப்பினர் நேரில் பார்த்துச் சொன்னது. அடுத்த தகவல் 10 மணிக்கு.' பொய் என்ற சொல்லோ, பரப்பியவரைக் குறை கூறும் சொல்லோ இதில் இல்லை. அடுத்த தகவலுக்கு நேரம் குறித்தால் அந்த நேரத்துக்குக் கட்டாயம் போட வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும். உறுதியாகாத நிலையில், 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை அனுப்ப வேண்டாம்' என்பதே போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை நம் வட்டாரத்துக்கு இயல்பான கெடு ஒன்று இருக்கிறது. இரவில் கிளம்பும் வதந்திக்கு, விடியற்காலையில் தோட்ட ஜீப்புகள் புறப்படும் முன் பதில் போய்ச் சேர வேண்டும். ஜீப்புகள் போகாத காலைப்பொழுதில், வேலையில்லாமல் கூடி நிற்கும் கூட்டமே மறியலுக்குத் தொடக்கமாகிறது. சாலை பாதுகாப்பாக இல்லையென்றால் அதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். போக வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லப்பட்ட ஒரு நாள்தான், போகலாம் என்று சொல்லப்படும் மற்ற நாட்களை நம்பத்தக்கதாக்குகிறது.

அதிகாரிகளுக்குத் தெரிவித்தல்

முன்னெச்சரிக்கை முயற்சிகள் உலகெங்கும் தடுமாறும் இடம் இது. எச்சரிக்கை சரியாக வந்திருக்கும், செயல்பட வேண்டியவர் மேசையில் அது கிடக்கும். ஆகவே யார் யாரை அழைப்பது என்பது பெயரளவில் அல்லாமல் எண்ணளவில் முடிவாகியிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் இரு மாநிலத்திலும் 112. அதற்கு அடுத்து, தமிழகப் பக்கத்துக்கு ஒருவரும் கேரளப் பக்கத்துக்கு ஒருவரும் மட்டுமே அந்தந்தக் காவல் நிலையத்தோடு பேசும் பொறுப்பில் இருக்க வேண்டும். இருபது பேர் இருபது விதமாக அழைத்தால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் ஆண்டுதோறும் கூட்டுக் கூட்டம் நடத்துகின்றன. இருமாநில அதிகாரிகளும் ஒரே மேசையில் அமரும் அந்த வாய்ப்பையொட்டி, குழுவின் தொடர்பாளர் இருவரும் மனுவோடு சென்று அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இதை ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியிருக்கும், அலுப்பான வேலைதான்.

இணையம் நிறுத்தப்பட்டால்

பதற்றம் மிகும்போது இணையச் சேவை துண்டிக்கப்படலாம். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அப்படி நடந்தது. வதந்தியோடு சேர்ந்து மறுமொழியும் அப்போது நின்றுவிடும். வாய்வழி வதந்தி மட்டும் நிற்காது. ஆகவே ஒவ்வோர் உறுப்பினரும் குறிப்பிட்ட நான்கு பேரைச் சாதாரண அழைப்பில் அழைப்பது, அந்த நால்வர் மேலும் நால்வரை அழைப்பது என்ற சங்கிலியைத் தாளில் எழுதி, வீட்டுச் சுவரிலோ கடையிலோ ஒட்டி வைக்க வேண்டும். மலைப்பகுதியில் அலைவரிசை கிடைக்காத லயங்களுக்கு இந்தச் சங்கிலி எப்போதுமே தேவை. கொடைக்கானல் பண்பலை 100.5 நம் பள்ளத்தாக்கிலும் மலையிலும் கேட்கிறது. அவசர அறிவிப்புகளுக்கு அதைக் கவனிக்கச் சொல்லலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளில் ஒரே வாசகத்தைப் படிக்கும் ஏற்பாடு இருந்தால் நல்லது. ஆனால் வாசகம் முன்பே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், அந்தந்த நேரத்துப் பேச்சாக இருக்கக் கூடாது.

குழுவினால் வரும் ஆபத்து

தகவல் சொல்பவரை 'போலீசுக்கு ஆள்' என்றோ 'அவர்கள் பக்கத்து ஆள்' என்றோ ஊர் முத்திரை குத்தினால், அவருக்கு அடி விழும். தோட்டத்தில் வேலை பறிபோகலாம். எனவே அறிவிப்புக் குழுவில் தகவல் தந்தவரின் பெயரும் எண்ணும் எக்காலத்திலும் வெளியாகக் கூடாது. தகவல் குழுவில் பதிவுகள் தாமாக மறையும் அமைப்பை ஏழு நாளுக்கு வைத்துவிடலாம். தேவையான குறிப்பை ஒருவர் மட்டும் தனியே எழுதிவைத்துக்கொள்ளட்டும். 2008 ஜனவரியில் கென்யாவில் தேர்தல் வன்முறைகளை மக்கள் அனுப்பிய செய்திகளைக் கொண்டு வரைபடத்தில் குறித்த உஷாஹிதி போன்ற முயற்சிகள் உலகப் புகழ் பெற்றவை, அவற்றைப் பார்த்து நாமும் வரைபடம் போடலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். இந்த வட்டாரத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தத் தோட்டத்தில் எந்த மொழிக்காரர் எத்தனை குடும்பம் என்று குறிக்கப்பட்ட வரைபடம் தவறான கைக்குப் போனால், அதுவே தாக்குதலுக்கு முகவரிப் பட்டியலாகிவிடும்.

ஒத்திகையை செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலையில் கற்பனையான செய்தி ஒன்றை, 'ஒத்திகை' என்று தெளிவாகத் தலைப்பிட்டுத் தகவல் குழுவில் மட்டும் போட்டு, எதிர்ப்பக்கத்து இணையிடமிருந்து எத்தனை நிமிடத்தில் பதில் வருகிறது என்று பாருங்கள். யாருடைய எண் மாறிவிட்டது, யார் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார், யார் இரவில் கைபேசியை அணைத்துவிடுகிறார் என்பதெல்லாம் அன்று தெரிந்துவிடும். மண்டல காலம் தொடங்கும் முன் அந்த இடங்களுக்கு வேறு ஆட்களைச் சேர்த்து, சங்கிலித் தாளைப் புதிதாக எழுதி, பழைய தாள்களைச் சுவரிலிருந்து எடுத்துக் கிழித்துவிட வேண்டும்.